அரசு நிலுவை வசூல்

அரசு நிலுவை வசூல் என்பது வரி, கட்டணம், கடன் தவணை, அபராதம் முதலிய வகைகளில் அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் சேரவேண்டிய தொகை உரிய காலத்தில் செலுத்தப்படாதபோது, அதனைச் சட்டத்தின் துணைகொண்டு பெறுவதற்கான நடவடிக்கைகளைக் குறிக்கும். தொகையைச் செலுத்தத் தவறியவர் நிலுவையாளர் எனப்படுவார். தமிழ்நாட்டில் இத்தகைய வசூலுக்கு அடிப்படையாக விளங்குவது 1864-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வருவாய் வசூல் சட்டம் ஆகும். நிலவரிக்காக இயற்றப்பட்ட இச்சட்டம், பிற்காலத்தில் விற்பனை வரி, அரசுக் கடன் போன்ற பல நிலுவைகளுக்கும் பயன்படலாயிற்று.

பொருளடக்கம்
1 தனியார் கடனும் அரசுக் கடனும்
2 வரலாறு
3 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை
4 நிலவரி அல்லாத நிலுவைகள்
5 எடுத்துக்காட்டு: பெசன்ட் நகரில் ஒரு வீடு
6 வருமான வரியும் சரக்கு மற்றும் சேவை வரியும்
7 சமூக அழுத்தம்
8 யாருக்கு முதலுரிமை
9 சமரசத் திட்டங்கள்
10 நிலுவையாளரின் உரிமைகள்
11 இவற்றையும் பார்க்க

தனியார் கடனும் அரசுக் கடனும்

ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த கடன் திரும்பி வராவிடில், கொடுத்தவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, கடன் உண்மை என்பதை மெய்ப்பித்து, தீர்ப்பாணை பெற்று, பின்னர் அதனை நிறைவேற்றுமாறு மீண்டும் நீதிமன்றத்தை அணுகவேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். வரி நிலுவையில் அரசு இவ்வாறு காத்திருப்பதில்லை. தொகையை நிர்ணயிப்பதும், கேட்பதும், பொருளைப் பறிமுதல் செய்து ஏலம் விடுவதும் அரசு அலுவலர்களின் கையிலேயே உள்ளன. நீதிமன்றம் பெரும்பாலும் நிலுவையாளர் முறையிட்ட பிறகே உள்ளே வருகிறது.

இதற்குக் கூறப்படும் காரணம், பொதுச் செலவுகள் வரி வருவாயை நம்பியே நடைபெறுகின்றன என்பதாகும். ஆனால் கடன் கொடுத்தவரே நீதிபதியாகவும் அமீனாவாகவும் இருக்கும் இந்நிலையில், அலுவலர் பின்பற்றவேண்டிய படிகள், நாள்கணக்கு, நேரம் ஆகியவையே நிலுவையாளருக்கு முதற் பாதுகாப்பாக அமைகின்றன. இப்படிகள் ஏன் தோன்றின என்பதை வரலாறு விளக்குகிறது.

வரலாறு

*சோழர் காலம்*

வரி செலுத்தாதவரின் நிலத்தை விற்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. திருவண்ணாமலை மாவட்டம் உக்கலில் உள்ள முதலாம் இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 1009) இதற்குச் சான்றாகும். மன்னனின் 16-ஆம் ஆண்டு முதல் 23-ஆம் ஆண்டு வரை வரி செலுத்தாதோரின் நிலங்களைப் பற்றிய ஆணை அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தப்படாத நிலம் ஊராரைச் சேரும் என்றும், அவர்கள் அதனை விற்கலாம் என்றும் அது கூறுகிறது. வரிக்கு ஊரார் கூட்டாகப் பொறுப்பேற்ற முறையில், தனி ஒருவரின் நிலுவை அனைவருக்கும் சுமையாகியது. எனவே நிலத்தை விற்கும் அதிகாரம் ஊராரிடம் தரப்பட்டது எனலாம்.

*கம்பெனி ஆட்சியும் சித்திரவதை ஆணையமும்*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை நிலவியது. இம்முறையில் ஒவ்வொரு உழவரும் அரசுக்கு நேரடியாக வரி கட்டவேண்டும். வசூல் பொறுப்பு தாசில்தாரிடமும் அவருக்குக் கீழ்ப்பட்ட சேவகர்களிடமும் இருந்தது. காவல் அதிகாரமும் அவர்களிடமே இருந்தமையால், நிலுவை வசூல் என்பது பல ஊர்களில் உடல் துன்புறுத்தலாக மாறியது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெருக்கும் 'கிட்டி', உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணந்தாள்' ஆகியவை அக்கால ஆவணங்களில் அடிக்கடி இடம்பெறும் கொடுமைகளாகும்.

1852-இல் கசுலு இலட்சுமிநரசு செட்டியார் தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் இதனை வெளிப்படுத்தியது. சென்னைக்கு வந்த பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சேமூருடன் செட்டியாரும் ஊர்களுக்குச் சென்று உழவர்களின் நிலையை நேரில் காட்டினார். 1854-இல் நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்திற்கு 1,900-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. முறையிடுவதற்காகவே நெடுந்தொலைவு நடந்து வந்தவர்களும் உண்டு. வரி வசூலில் சித்திரவதை நடைபெற்றது உண்மையே என 1855-இல் ஆணையம் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக வருவாய்ப் பணியிலிருந்து காவல் பணி பிரிக்கப்பட்டு, 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் இயற்றப்பட்டது.

*1864-ஆம் ஆண்டுச் சட்டம்*

வருவாய் நிலுவை வசூல் பற்றிச் சிதறிக் கிடந்த விதிகளைத் தொகுத்து, 1864-இல் சென்னை மாகாணத்தின் இரண்டாம் சட்டமாக வருவாய் வசூல் சட்டம் வெளிவந்தது. என்ன செய்யலாம் என்பதோடு, எந்த நேரத்தில், எத்தனை நாள் அறிவிப்புக்குப் பின், எந்த அறைக்குள் நுழையாமல் செய்யலாம் என்பதையும் அது வரையறுத்தது. மாகாணத்தின் பெயரும் எல்லையும் மாறிய பின்னரும் இச்சட்டம் தமிழ்நாட்டில் நீடிக்கிறது.

1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை

இச்சட்டத்தின் 2-ஆம் பிரிவின்படி நிலமும், அதிலுள்ள கட்டடங்களும், அதன் விளைச்சலும் அரசு வருவாய்க்கு ஈடாகக் கருதப்படும். நிலுவைக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியை 7-ஆம் பிரிவு விதிக்கிறது. 5-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு மூன்று வழிகளைத் தருகிறது. அவை அசையும் பொருளை விற்றல், அசையாச் சொத்தை விற்றல், நிலுவையாளரைக் கைது செய்தல் என்பனவாம். நடைமுறையில் வட்டாட்சியரும் அவருக்குக் கீழுள்ள வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரும் இப்பணிகளைச் செய்கின்றனர்.

*அசையும் பொருள்*

வீட்டிலுள்ள பொருளைக் கைப்பற்றுவது பொதுவழக்கில் 'சப்தி' எனப்படுகிறது. இதற்கான முக்கிய விதிகள்:

- நிலுவை இவ்வளவு என எழுத்தில் தெரிவித்துக் கேட்கவேண்டும்.
- கதிரவன் எழுந்த பின்னரும் மறைவதற்கு முன்னரும் மட்டுமே பொருளைக் கைப்பற்றலாம்.
- கைப்பற்றும் பொருளின் மதிப்பு நிலுவைக்கு ஏற்ற அளவினதாக இருக்கவேண்டும்.
- மாட்டுக் கொட்டில், களஞ்சியம், கிடங்கு முதலியவற்றைத் திறந்து உள்ளே செல்லலாம். வீட்டின் வெளிக்கதவு அடைத்திருப்பின் காவல் அலுவலர் முன்னிலையிலேயே திறக்கவேண்டும்.
- பெண்கள் தங்கும் அறைக்குள் நுழைவதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

*நிலமும் கட்டடமும்*

நிலத்தைப் பற்றுகை செய்வதற்கு முன் 25-ஆம் பிரிவின்படி நிலுவையாளருக்குக் கேட்பு அறிவிப்பு வழங்கப்படவேண்டும். கெடு கடந்த பின் 27-ஆம் பிரிவின்படி நிலத்தில் பற்றுகை அறிவிப்பு ஒட்டப்படும். ஏலத்திற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, நிலுவையாளர் பெயர், நிலத்தின் அமைவிடம், பரப்பளவு, நிலுவைத் தொகை ஆகியவற்றைக் கொண்ட அறிவிப்பு வெளியிடப்படவேண்டும் என்பது 36-ஆம் பிரிவு. ஏலம் எடுத்தவர் அன்றே 15 விழுக்காட்டையும், எஞ்சியதை 30 நாட்களுக்குள்ளும் செலுத்தவேண்டும். தவறினால் முன்பணத்தை இழக்க நேரிடும்.

ஏல நாளுக்கு முந்தைய நாள் கதிரவன் மறைவதற்குள் நிலுவை, வட்டி, செலவு ஆகியவற்றை முழுவதுமாகச் செலுத்தினால் ஏலம் நின்றுவிடும் (37-ஆம் பிரிவு). ஏலம் முடிந்த பின்னும் 30 நாட்களுக்குள் நிலுவையையும், ஏலம் எடுத்தவருக்குரிய 5 விழுக்காட்டையும் கட்டிச் சொத்தை மீட்க 37-அ பிரிவு வழிசெய்கிறது. ஏலத்தில் முறைகேடு நடந்து தமக்கு இழப்பு ஏற்பட்டதாகக் காட்டினால் ஏலத்தை நீக்கக் கோர 38-ஆம் பிரிவு இடமளிக்கிறது. நிலவரிக்காக விற்கப்படும் நிலம் எவ்வித வில்லங்கமும் இன்றி வாங்குபவரைச் சேரும் என்பது 42-ஆம் பிரிவு. நிலுவை போக எஞ்சும் பணம் நிலத்திற்கு உரியவரைச் சேரும்.

*கைது*

சொத்தை விற்றும் நிலுவை தீராது என்ற நிலையிலும், நிலுவையாளர் வேண்டுமென்றே பணம் செலுத்தாமல் இருக்கிறார் அல்லது ஏமாற்ற முயல்கிறார் என ஆட்சியர் நம்புவதற்குக் காரணம் இருந்தால் மட்டுமே, 48-ஆம் பிரிவின்படி அவரைக் கைது செய்து சிறையில் வைக்கலாம். இதன் உச்ச அளவு 2 ஆண்டுகள். நிலுவை 500 ரூபாய்க்கு மேற்படாவிடில் 6 மாதங்களும், 50 ரூபாய்க்கு மேற்படாவிடில் 3 மாதங்களும் உச்ச அளவாகும். சிறையில் இருந்ததனால் கடன் தீர்ந்துவிடாது.

இப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதா என்ற கேள்வி, மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தபோது எழுந்தது. வருமான வரி நிலுவைக்காக 1954-இல் அங்கு ஒருவர் கைது செய்யப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1957-இல் அப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இது குற்றத்திற்கான தண்டனை அன்று, நிலுவையைப் பெறுவதற்கான வழியே என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1980-இல் வேறொரு வழக்கில், தனியார் கடன் தீர்ப்பாணைக்காகச் சிறையிடுவது பற்றி நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், செலுத்தும் வசதியின்றி வறுமையினால் கடனைத் தீர்க்காதவரைச் சிறையிடல் ஆகாது எனத் தீர்ப்பளித்தார். வறுமை வேறு, மறுப்பு வேறு என்னும் வேறுபாடு இவ்விரு தீர்ப்புகளையும் புரிந்துகொள்ள உதவும்.

நிலவரி அல்லாத நிலுவைகள்

'நிலவரி நிலுவையைப் போல வசூலிக்கப்படலாம்' என்ற தொடர் பல்வேறு சட்டங்களில் காணப்படுகிறது. 1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம், 2006-ஆம் ஆண்டின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் ஆகியவை இவற்றுள் அடங்கும். இத்தொடர் இருப்பின் உரிய துறை மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்றிதழ் அனுப்பலாம். அதன்பின் 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறை தொடங்கும். நிலுவையாளரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பின், 1890-ஆம் ஆண்டின் மத்திய வருவாய் வசூல் சட்டத்தின்படி ஓர் ஆட்சியர் மற்றோர் ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்பி வசூலிக்கச் செய்யலாம்.

இக்குறுக்கு வழிக்கும் எல்லை உண்டு. கேரள வருவாய் வசூல் சட்டத்தைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல், கால வரம்பு கடந்து நீதிமன்றத்தில் கேட்க இயலாமற்போன கடனை வருவாய் வசூல் முறையில் உயிர்ப்பிக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. வசூல் சட்டம் பணம் பெறும் வழியைத் தருகிறதேயன்றிப் புதிய கடனை உருவாக்குவதில்லை என்பது இதன் பொருள்.

எடுத்துக்காட்டு: பெசன்ட் நகரில் ஒரு வீடு

ஒரே வீட்டின் மீது பல அமைப்புகளுக்கு நிலுவை சேரலாம். ஒவ்வொன்றும் வேறு சட்டத்தின்படி வசூலிக்கப்படும். தென்சென்னையில் கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகரில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

- *சொத்து வரி:* பெருநகர சென்னை மாநகராட்சிக்கு உரியது. மாநகராட்சியின் 2011 விரிவாக்கத்தில் அமைந்த 15 மண்டலங்களில் இப்பகுதி 13-ஆவதான அடையாறு மண்டலத்தில் அடங்கியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் என அரையாண்டுக்கு ஒருமுறை வரி செலுத்தப்படுகிறது. முன்னதாகச் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு (உச்ச அளவு 5,000 ரூபாய்) ஊக்கத்தொகையும், தாமதித்தால் வட்டியும் உண்டு. 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தின் இடத்தில் 2023 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது.
- *குடிநீர், கழிவுநீர் வரியும் கட்டணமும்:* 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திற்கு உரியவை. இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் வாரியத்திற்கு உண்டு.
- *மின் கட்டணம்:* 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, 15 முழு நாட்கள் எழுத்து அறிவிப்பு கொடுத்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம். தொகை செலுத்தவேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், பட்டியலில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்படாத தொகையைப் பின்னர் வசூலிக்க இயலாது.
- *வீட்டுத் தவணை:* பெசன்ட் நகரின் பல குடியிருப்புகள் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கியவை. வாரியத்திடம் தவணை முறையில் வீடு பெற்றவர் முழுத் தொகையையும் செலுத்திய பின்னரே விற்பனைப் பத்திரம் பெறுவார். எனவே தவணை நிலுவை இருக்கும்வரை வீட்டின் உரிமை முழுமையடைவதில்லை.

வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழை மட்டும் பார்ப்பது போதாது. சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம் ஆகியவற்றின் கடைசி இரசீதுகளையும் கேட்டுப் பெறவேண்டும். சொத்து வரி நிலுவை, சொத்தின் மீதே பொறுப்பாக நிற்பதால் வீடு கைமாறினாலும் அது தொடரும்.

வருமான வரியும் சரக்கு மற்றும் சேவை வரியும்

மத்திய அரசின் வரித் துறைகள் தமக்கெனத் தனி வசூல் அலுவலர்களைக் கொண்டுள்ளன. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் வரி வசூல் அலுவலர் என்னும் பதவியையும், பற்றுகை, ஏலம், கைது ஆகியவற்றுக்கான விரிவான விதிகளைக் கொண்ட இரண்டாம் அட்டவணையையும் உருவாக்கியது. அதன் 226(3) பிரிவு அடிக்கடி பயன்பட்டது. நிலுவையாளருக்குப் பணம் தரவேண்டியவர் எவரோ, அவரிடமிருந்தே நேரடியாகப் பெறும் முறை அது. நிலுவையாளரின் வங்கிக்கு அறிவிப்பு அனுப்பினால், வங்கி அக்கணக்கிலுள்ள பணத்தைத் துறைக்குச் செலுத்தவேண்டும். 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இத்தகைய வசூல் அதிகாரங்கள் இடம்பெற்றுள்ளன.

2017-ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், ஆணை வழங்கப்பட்டதிலிருந்து பொதுவாக 3 மாதக் கெடு அளிக்கிறது. அதன்பின் 79-ஆம் பிரிவின்படி, துறை தரவேண்டிய தொகையில் கழித்தல், சரக்கை நிறுத்திவைத்து விற்றல், வங்கி முதலிய மூன்றாம் தரப்பிடமிருந்து பெறுதல், சொத்தைப் பற்றுகை செய்தல், ஆட்சியருக்குச் சான்றிதழ் அனுப்புதல் ஆகிய வழிகள் உள்ளன.

நிலுவையாளர் இறந்தாலும் வரி நிலுவை மறைவதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அது பெறப்படும். ஆனால் வாரிசைக் கைது செய்ய இயலாது. சென்னை போயஸ் தோட்டத்தில் உள்ள, மறைந்த முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் வேதா நிலையம் இல்லம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டாகும். அதனை நினைவில்லமாக்க 2020-இல் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தி, ஏறத்தாழ 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் செலுத்தியது. அதில் ஏறத்தாழ 36.9 கோடி ரூபாய் வருமான வரித் துறைக்குரிய நிலுவையாகக் கணக்கிடப்பட்டது. அக்கையகப்படுத்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது.

சமூக அழுத்தம்

சட்டப் படிகளுக்கு அப்பால், நிலுவையாளரை ஊரறியச் செய்வதும் ஒரு வசூல் முறையாகப் பயன்பட்டுள்ளது. 2005-இல் ஆந்திரத்தின் இராஜமுந்திரி நகராட்சி, நிலுவையாளர் வீடுகளின் முன் மேளம் அடிக்கச் செய்தது. 2006-இல் பாட்னா மாநகராட்சி, திருநங்கையரைப் பணியமர்த்தி நிலுவையாளரின் கடைகள் முன் பாடச் செய்தது. பெருந்தொகை நிலுவை வைத்திருப்போரின் பட்டியலைச் சென்னை மாநகராட்சி தன் இணையதளத்தில் வெளியிட்டதுண்டு. இம்முறைகளால் பணம் விரைவில் வரக்கூடும் எனினும், வரி நிர்ணயத்தையே எதிர்த்து முறையிட்டவரும் கட்ட மறுப்பவரும் ஒரே பட்டியலில் இடம்பெறக்கூடும் என்பது இதன் குறையாகும்.

அரசு அறிவிப்புகளைத் தண்டோரா போட்டு ஊராருக்குத் தெரிவிப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அதனைத் தவிர்த்து, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு 2022 ஆகஸ்ட்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார்.

யாருக்கு முதலுரிமை

சொத்து ஒன்றாகவும் கடன் கொடுத்தோர் பலராகவும் இருக்கும்போது யாருக்கு முதலில் பணம் சேரும் என்ற கேள்வி எழுகிறது. ஈடு பெறாத கடன்காரர்களுக்கு முன்பாக அரசுக்கு உரிமை உண்டு என்பது பழைய ஆங்கிலச் சட்டக் கொள்கை. ஈடு பெற்ற கடன்காரருக்கு மேல் அக்கொள்கை தானாகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் டேனா வங்கி வழக்கில் தெளிவுபடுத்தியது. 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தங்கள், உரிய முறையில் பதிவு செய்யப்பட்ட வங்கி ஈடுகளுக்கு அரசு வரிகளுக்கும் மேலான முன்னுரிமை அளித்தன. அதே ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, நிறுவனம் கலைக்கப்படும்போது தொழிலாளர் ஊதியத்திற்கும் ஈடு பெற்ற கடன்களுக்கும் கீழான வரிசையில் அரசு நிலுவையை வைத்தது.

சமரசத் திட்டங்கள்

பழைய நிலுவைகளைத் தொடர்ந்து துரத்துவதற்கு ஆகும் செலவு, கிடைக்கும் தொகையை விட மிகுதியாகலாம். ஆகவே ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடிக்கும் சமரசத் திட்டங்களை (சமாதான் திட்டங்கள்) அரசு அவ்வப்போது கொண்டுவருகிறது. சரக்கு மற்றும் சேவை வரிக்கு முந்தைய வணிகவரி நிலுவைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் கொண்டுவந்த திட்டத்தில், 50,000 ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகள் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டன. இத்தகைய திட்டங்கள் சிறு வணிகர்களுக்கு விடுதலை அளிக்கின்றன. ஆனால் காத்திருந்தால் தள்ளுபடி வரும் என்ற எண்ணத்தை வளர்த்து, உரிய காலத்தில் செலுத்தியவர்களுக்கு அநீதி ஆகின்றன என்ற விமரிசனமும் உண்டு.

நிலுவையாளரின் உரிமைகள்

சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 265-ஆம் உறுப்பு. இதன் அடிப்படையில் நிலுவையாளருக்குப் பின்வரும் வழிகள் உள்ளன:

- *தொகையை எதிர்த்தல்:* வரி நிர்ணயத்தை எதிர்த்து உரிய மேல்முறையீட்டு அலுவலரிடம், குறித்த கெடுவுக்குள் முறையிடலாம். வசூல் தொடங்கிய பின் இவ்வாய்ப்புக் குறையும்.
- *எதிர்ப்புடன் செலுத்துதல்:* 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேட்கப்பட்ட தொகையை எழுத்து மூலமான எதிர்ப்புடன் செலுத்திவிட்டுப் பின்னர் அதனைத் திரும்பப் பெற வழக்குத் தொடுக்கலாம்.
- *உரிமையியல் வழக்கு:* 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்க 59-ஆம் பிரிவு இடமளிக்கிறது.
- *நீதிப்பேராணை:* அறிவிப்பு கொடாமை, அதிகார வரம்பு மீறல் போன்றவற்றுக்கு 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.
- *விலக்குப் பெற்ற பொருள்கள்:* உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, கைவினைஞரின் கருவிகள், உழவரின் உழவுக் கருவிகள், உடுத்தும் உடைகள், வருங்கால வைப்பு நிதி முதலியவற்றைப் பற்றுகையிலிருந்து விலக்குகிறது. வருமான வரி வசூலிலும் இவ்விலக்கு ஏற்கப்பட்டது.

துறையிடம் முறையிட்டு, விடைக்கு உரிய காலம் கொடுத்த பின்னரே நீதிமன்றத்தை நாடவேண்டும் என்பது பொதுவான நெறி. 2020-இல் கோடம்பாக்கத்தில் உள்ள தமது திருமண மண்டபத்திற்கு விதிக்கப்பட்ட ஏறத்தாழ 6.5 இலட்சம் ரூபாய் சொத்து வரியை, ஊரடங்குக் காலத்தைக் காரணம் காட்டி எதிர்த்து நடிகர் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். மாநகராட்சிக்கு மனு அளித்துப் போதிய காலம் காத்திராமல் வழக்குத் தொடுத்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் வழக்கைத் திரும்பப் பெற்று வரியைச் செலுத்தினார்.

கேட்பு அறிவிப்பைப் பெற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவதும், படிக்காமல் ஒதுக்கிவைப்பதும் பலர் செய்யும் தவறாகும். மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் ஆணையோ அறிவிப்போ கிடைத்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. அறிவிப்பை வாங்காமல் மறுத்தாலும், கதவில் ஒட்டி அதனைச் சார்பு செய்ய இயலும். அதில் உள்ள தேதி, சட்டப் பிரிவு, தொகை, கையொப்பமிட்ட அலுவலரின் பதவி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்வது நிலுவையாளர் செய்யவேண்டிய முதற் பணியாகும்.

இவற்றையும் பார்க்க

- இரயத்துவாரி முறை
- ஜமாபந்தி
- சென்னை சுதேசி சங்கம்
- சொத்து வரி
- பெருநகர சென்னை மாநகராட்சி
- பெசன்ட் நகர்